தென் அமெரிக்கக் குறு அணில்

தென் அமெரிக்கக் குறு அணில் (சியூரில்லசு புசில்லசு) என்பது அமேசான் படுகையிலும் கயானா பகுதியிலும் உள்ள தாழ்நில மழைக்காடுகளில் வாழும் மிகச் சிறிய மர அணில் ஆகும். தலையும் உடலும் சேர்ந்து ஏறத்தாழ 10 செ.மீ. நீளமும், வால் ஏறத்தாழ 11 செ.மீ. நீளமும் கொண்டது. எடை 30 முதல் 48 கிராம் வரை இருக்கும். நம் வீட்டு முற்றங்களில் ஓடும் மூவரி அணிலைவிடவும் இது சிறியது. உடல் சாம்பல் நிறம். தலையில் சற்றுச் செம்மை படர்ந்திருக்கும். காதுகளின் பின்னே வெண்ணிறத் திட்டுகள் காணப்படும்.

வகைப்பாடு

பிரெஞ்சு விலங்கியலாளர் எத்தியேன் செப்ராய் 1803-இல் இவ்விலங்கை விவரித்தபோது, பிற மர அணில்கள் இடம்பெற்ற சியூரசு பேரினத்திலேயே இதையும் சேர்த்தார். 1914-இல் ஓல்ட்பீல்டு தாமசு இதற்கெனச் சியூரில்லசு என்ற தனிப் பேரினத்தை உருவாக்கினார். 1959-இல் மூர் என்பவர் இன்னும் ஒருபடி மேலே சென்று, இதைச் சியூரில்லினே என்ற தனித் துணைக்குடும்பமாகவே பிரித்தார். ஒரே ஒரு சிற்றினத்துக்காக ஒரு துணைக்குடும்பமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் மரபணு ஆய்வுகள் இந்தப் பிரிவை உறுதி செய்தன. 2003-இல் மெர்சர், ரோத் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த அணிலின் கால்வழி ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மற்ற அணில்களிடமிருந்து பிரிந்துவிட்டது. அணில் குடும்பம் தோன்றிய தொடக்கக் காலம் அது.

இவ்வாறு தொடக்கத்திலேயே பிரிந்த மற்றொரு கிளை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் மலை அணில்கள் அடங்கிய இராட்டுபா பேரினம். மர அணில்களில் மிகப் பெரியவையும் மிகச் சிறியவற்றுள் ஒன்றும் இப்படித் தனித்தனிக் கிளைகளாக நிற்பது வியப்புக்குரியது.

ஆப்பிரிக்காவிலும் போர்னியோவிலும் இதைப் போன்றே மிகச் சிறிய அணில்கள் உண்டு. அவையும் மரப்பட்டையைச் சுரண்டி உண்பவை. ஆயினும் அவை இதற்கு நெருங்கிய உறவினர் அல்ல; ஒரே வகை வாழ்க்கை ஒரே வகை உருவத்தைத் தந்திருக்கிறது. தென் அமெரிக்காவிலேயே வாழும் மைக்ரோசியூரசு என்னும் குள்ள அணில்களும் பெயரளவில் மட்டுமே இதற்கு ஒப்பானவை. அவை சியூரசு அணில்களின் உறவினர்.

பரவல்

இதன் வாழிடம் தொடர்ச்சியானது அன்று. பிரெஞ்சு கயானா, சுரிநாம், அவற்றை ஒட்டிய பிரேசில் நிலப்பகுதி ஆகியவை ஒரு பகுதி. பிரேசிலில் தபாசோசு ஆற்றின் கீழ்ப்பகுதி மற்றொன்று. வெகு தொலைவில், மேற்கே வடக்குப் பெருவும் தெற்குக் கொலம்பியாவும் இன்னொன்று. இடைப்பட்ட பரந்த காட்டில் இவ்வணில் உண்மையிலேயே இல்லையா, அல்லது எவர் கண்ணிலும் படவில்லையா என்பது தெளிவாகவில்லை. தரையிலிருந்து 9 மீட்டர் உயரத்தில் இலைகளுக்கிடையே விரைந்தோடும் கைப்பிடி அளவு விலங்கைக் கீழே நிற்பவர் காண்பது அரிது. அதன் எச்சரிக்கைக் குரலும் சில்வண்டின் ஒலியைப் போலிருப்பதால், கேட்டவர்களும் பூச்சி என்றே எண்ணக்கூடும்.

பரவலைச் சார்ந்த பெரிய புதிர் வேறொன்று. தென் அமெரிக்காவின் மற்ற அணில்கள், சுமார் 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலஇணைப்பு உருவான காலத்தை ஒட்டி வடக்கிலிருந்து வந்து பல இனங்களாகப் பெருகியவை எனக் கருதப்படுகிறது. குறு அணிலின் கால்வழியோ அதைவிடப் பல மடங்கு பழமையானது. அதன் முன்னோர் கடலைக் கடந்து முன்பே வந்தனவா, அல்லது வடக்கில் வாழ்ந்து பின்னர் தெற்கே வந்து, அங்கு மட்டும் எஞ்சினவா என்பதற்கு விடை சொல்லப் புதைபடிவம் எதுவும் கிடைக்கவில்லை.

வாழ்க்கை முறை

பார்க்கியா மரங்களின் பட்டையே இதன் முதன்மை உணவு. மரங்களில் கறையான்கள் கைவிட்ட புற்றுகளில் தங்கும். பொதுவாக ஒன்றிரண்டாகவே தென்பட்டாலும், உணவு மரமொன்றில் ஒன்பது அணில்கள் வரை கூடியிருந்தது பதிவாகியுள்ளது. ஓர் ஈற்றில் ஒன்று அல்லது இரண்டு குட்டிகள் பிறக்கும்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது "தரவுகள் போதாது" என்ற பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. இதன் பொருள் ஆபத்து இல்லை என்பதன்று. எத்தனை அணில்கள் உள்ளன, எண்ணிக்கை குறைகிறதா என்று கணிக்கும் அளவுக்குச் செய்தி இல்லை என்பதே.