சொந்த சர்வரும் விளக்க ஏடும்

சமூக வலைத்தளம் என்றதும் பெருநிறுவனம் ஒன்றின் உடைமையையே நாம் எண்ணுகிறோம். எனினும், ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ 2016-இல் வெளியிட்ட மாஸ்டடான் என்னும் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பெற்றுத் தமக்குரிய சர்வர் கணினியில் நிறுவலாம். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018-இல் பரிந்துரைத்த ஆக்டிவிட்டிபப் என்னும் பொது நெறியால், ஒரு சர்வரில் உள்ளோர் மற்றொன்றில் உள்ளோரோடு உரையாடுகின்றனர். அஞ்சல் நிலையங்கள் பலவாயினும் கடிதம் உரியவரைச் சேர்வது போன்றதே இது.

ஆயின், மென்பொருள் மட்டும் போதுமா? போதாது. நிறுவும்போது குறித்த இணைய முகவரியைப் பின்னர் மாற்றினால், பிற சர்வர்கள் பழைய உறுப்பினரைப் புதியவராகக் கருதிக் குழம்பும். இவ்விடரைக் குறித்து மாஸ்டடானின் விளக்க ஏடு முன்னரே எச்சரிக்கிறது. காப்புப்படி எடுக்க வேண்டியவற்றையும் அது வரிசைப்படுத்துகிறது: முதலாவது தரவுத்தளம், அடுத்து இரகசியக் குறியீடுகள், பின்னர் உறுப்பினர் ஏற்றிய கோப்புகள்.

இவை ஒருவரது நினைவில் மட்டும் இருந்தால், அவர் விலகும் நாளில் அனைவரின் உரையாடல்களும் அழியக்கூடும். நிறுவனத்தின் பிடியினின்று நீங்கித் தனிமனிதர் ஒருவரின் பிடியில் சிக்குவதை நாம் விடுதலை என்று கூறலாகாது. ஆகவே, சர்வரை நடத்துவோர் தாம் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாளிட்டு எழுதிவைப்பது கடமையாகும். அடுத்தவர் படித்து நடத்தக் கூடியதே அனைவர்க்கும் உரியது.