பீரோவில் தூங்கும் காஞ்சிப் பட்டு: கத்திரிக்கோல் எடுப்பதற்கு முன்னும் பின்னும்

(பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

கையால் செய்த பரிசுகள், வீட்டு அலங்காரம் பத்தி ஒரு எபிசோடு வேணும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இந்தத் தலைப்புல தேடினா ஐஸ் குச்சி, பாட்டில் பெயின்டிங், க்ளூ கன்னுதான் முதல்ல வரும். அதெல்லாம் தப்பில்லை. ஆனா நம்ம ஊர்ல பாதி வீட்டு பீரோல ஏற்கெனவே கையால் செஞ்ச ஒரு பொருள் மடிச்சு வச்ச மடிப்புலேயே கிழிஞ்சிட்டு இருக்கு. அதுதான் பாட்டியோட, அம்மாவோட பழைய காஞ்சிபுரம் பட்டுப் புடவை.

எனக்கு ஊர் தாமல். காஞ்சிபுரத்தைத் தாண்டி பெங்களூர் போற நெடுஞ்சாலையில, பெரிய ஏரியோட இருக்குமே, அந்த ஊர். அதனால இந்தப் புடவை மேல எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம் இருக்கு, ஒத்துக்கிறேன். இன்னைக்கு நான் சொல்லப் போறது ஒரே விஷயம்தான்: முடிஞ்ச வரைக்கும் கம்மியா வெட்டுங்க. எங்கே வெட்டணும்னு தெரிஞ்சிட்டு வெட்டுங்க. துணியில 'அன்டூ' பட்டன் கிடையாது.

முதல்ல, கையில இருக்கிறது என்ன?

ஒரு காஞ்சிப் பட்டோட நீளம் சுமார் ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி தனி. அகலம் 48 அங்குலம் பக்கம். நல்ல பழைய புடவையில உடல் ஒரு நிறம், கரை வேற நிறமா இருக்கும். அந்தக் கரையைத் தனியா நெஞ்சு தைக்கிறதில்லை. நெய்யும்போதே உடலோட ஊடு நூலையும் கரையோட ஊடு நூலையும் ஒண்ணோட ஒண்ணு கோத்து நெய்யறாங்க. இதுக்குப் பேர் கோர்வை. மூணு நாடா ஓடணும். நாடான்னா ஊடு நூல் வச்சு ஓட்டுற ஓடம். அதனாலதான் தறியில நெசவாளரோட, பக்கத்துல உதவிக்கு இன்னொருத்தரும் உட்காருவாங்க.

முந்தி வேற நிறமா இருந்தா இன்னொரு வேலை சேரும். உடலோட பாவு நூல்களை முந்தியோட பாவு நூல்களோட ஒவ்வொண்ணா முறுக்கி இணைப்பாங்க. அதுதான் பெட்னி. இந்த மாதிரி காரணங்களுக்காகத்தான் 2005-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்? கத்திரிக்கோலுக்காகத்தான். கரையும் உடலும் சேர்ற அந்தக் கோர்வைக் கோட்டுல சரியா வெட்டினா, கோத்த நூல் அவிழ ஆரம்பிச்சிடும். கரை மட்டும் வேணும்னா, உடல் பக்கம் ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்க. முந்தி வேணும்னா, பெட்னிக் கோட்டைத் தாண்டி உடல் பக்கம் இரண்டு அங்குலம் விடுங்க. அந்த ஓரத்தைப் பின்னால மடிச்சிட்டா வெளியே தெரியாது.

எந்தப் புடவையை வெட்டலாம்?

கட்டக்கூடிய புடவையை வெட்டாதீங்க. ஓரம் மட்டும் நைஞ்சிருந்தா ஃபால்ஸ் மாத்தினா போதும். சின்ன ஓட்டைன்னா ரஃபு பண்றவங்க இருக்காங்க. மடிப்பு மடிப்பா கிழிஞ்சு, கையால லேசா இழுத்தாலே விட்டுப் போற புடவைதான் நமக்கு வேணும். பட்டு ஒரு புரத நூல். வெயில், வியர்வை, வருஷக்கணக்கா ஒரே மடிப்பு, இந்த மூணும் அதை நைய வச்சிடும். ஆனா அப்படி நைஞ்ச புடவையில கூட முந்தியும் கரையும் பெரும்பாலும் தாக்குப் பிடிச்சிருக்கும்.

அடுத்து சரிகை. அசல் சரிகைன்னா பட்டு நூல் மேல தட்டையான வெள்ளிக் கம்பி சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம். எடையில பெரும்பங்கு வெள்ளி. தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஓரத்துல நீட்டிட்டு இருக்கிற ஒரு சரிகை இழையை நகத்தால சுரண்டிப் பாருங்க. உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிஞ்சா அசலா இருக்க வாய்ப்பு அதிகம். பளபளன்னு பிளாஸ்டிக் மாதிரி உரிஞ்சு வந்தா அது வேற சரக்கு. உறுதியாத் தெரியணும்னா, எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சுப் பார்க்கணும்.

"பழைய பட்டுப் புடவை எடுக்கிறதே"ன்னு தெருவுல குரல் கேட்டிருப்பீங்க. அங்கே போற புடவை கடைசியில எங்கே போகுதுன்னு தெரியுமா? எரிச்சு, வெள்ளியை உருக்கி எடுப்பாங்க. பணத் தேவை இருந்தா விக்கிறதுல ஒரு தப்பும் இல்லை. ஆனா அன்னைக்கு வெள்ளி என்ன விலைன்னு பார்த்துட்டு, இரண்டு மூணு இடத்துல எடை போட்டுக் கேட்டுட்டு குடுங்க. வாசல்ல சொல்ற முதல் விலைக்குத் தலையாட்டாதீங்க. முக்கியமா, அது யாரோட புடவையோ அவங்ககிட்ட கேளுங்க. கல்யாணப் புடவையை சர்ப்ரைஸா வெட்டி பரிசாக் குடுத்தா, அந்த சர்ப்ரைஸ் நீங்க நினைக்கிற மாதிரி இருக்காது.

வெட்டாமலே ஒண்ணு

ஜப்பான்ல ஃபுரோஷிக்கின்னு ஒரு வழக்கம். சதுரத் துணியில பொருளை வச்சு, முனைகளை முடிச்சுப் போட்டுப் பரிசாக் குடுப்பாங்க. நம்ம பாட்டிங்க மூட்டை கட்டினதும் அதேதான், பேர் மட்டும் வைக்கலை. வீட்டுல தாம்பூலத்துல வந்த ரவிக்கைத் துண்டுங்க குவிஞ்சிருக்கும் இல்லையா? ஒரு புத்தகத்தையோ ஸ்வீட் பாக்ஸையோ அதுல மூலை விட்டு வச்சு, எதிரெதிர் முனைகளை முடிச்சுப் போடுங்க. கிஃப்ட் பேப்பரும் செலோடேப்பும் மிச்சம். வாங்கினவங்க துணியைத் தச்சும் போட்டுக்கலாம்.

சட்டத்துக்குள்ள முந்தி

ஏ4 ஃபிரேமுக்கு, முந்தியில 31-க்கு 40 செ.மீ. துண்டு வெட்டுங்க. சுத்தி 5 செ.மீ. மடிக்க வேணும். புடவை அகலத்துல இந்த மாதிரி மூணு துண்டு கிடைக்கும். அதாவது அம்மாவும் சித்தியும் மாமாவும் ஆளுக்கு ஒண்ணு வச்சிக்கலாம். ஒரே புடவைக்கு யாரும் சண்டை போட வேண்டாம்.

அட்டை மேல வெள்ளைக் காட்டன் துணி போர்த்தி, அதுக்கு மேல பட்டை வச்சு, பின்பக்கம் மடிச்சு ஊசி நூலால இழுத்துக் கட்டுங்க. பசை வேண்டாம். பசை பட்டுல ஊறி முன்பக்கம் கறையாத் தெரியும். அயர்ன் பண்ணும்போது சூடு கம்மியா, மேல ஒரு காட்டன் துணி போட்டு. ரப்பர் பேண்டு போட்டு வைக்காதீங்க. ரப்பர்ல இருக்கிற கந்தகம் வெள்ளியைக் கறுக்க வச்சிடும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்லயும் மாட்டாதீங்க, வெயில் நேரா பட்டா நிறம் போயிடும்.

கரையில புக்மார்க்

ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் சரி. 12-க்கு 20 செ.மீ. துண்டு. சரிகை நடுவுல வர்ற மாதிரி வெட்டுங்க. ரவிக்கைக் கழுத்துக்கு வைப்பாங்களே, அயர்ன் பண்ணா ஒட்டிக்கிற கேன்வாஸ், அதை 5-க்கு 18 செ.மீ. வெட்டிப் பின்பக்கம் நடுவுல ஒட்டுங்க. நைஞ்ச பட்டுக்கு அதுதான் முதுகெலும்பு. மேலயும் கீழயும் 1 செ.மீ. மடிங்க. அப்புறம் இரண்டு பக்கமும் பின்னால மடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு வர்ற இடத்துல கையாலயே தச்சிடுங்க. ஒரு பக்கக் கரை முழுசும் நல்லா இருந்தா 25-க்கு மேல செய்யலாம். ஒரு கல்யாண ரிட்டர்ன் கிஃப்டுக்குப் பாதி வேலை முடிஞ்சுது.

உடல் துணியில மாவிலைத் தோரணம்

உடல் பகுதியில நைஞ்ச இடத்தை ஒதுக்கிட்டுப் பார்த்தா, கையளவு நல்ல துண்டுங்க கிடைக்கும். ஒரு நிஜ மாவிலையை அட்டையில வரைஞ்சு அச்சு வெட்டிக்கோங்க. இரண்டு துண்டை நல்ல பக்கம் உள்ளே வர்ற மாதிரி வச்சு, மேல்பக்கம் மட்டும் விட்டுச் சுத்தித் தைங்க. திருப்பினா இலை வந்துடும். பதினோரு இலை செஞ்சு ஒரு காட்டன் கயிறுல வரிசையாத் தைங்க. வாசலுக்கு வேண்டாம், வெயிலும் மழையும் படும். பூஜை அலமாரிக்குச் சரியா இருக்கும்.

நூல் பிரிஞ்சுட்டே வந்தா டெய்லர்கிட்ட ஓவர்லாக் போட்டுத் தரச் சொல்லுங்க. வேலை ஆரம்பிக்கும் முன்னாடி, ஈரமான வெள்ளைத் துணியைப் புடவையோட பின்பக்கம் ஒரு ஓரத்துல அழுத்திப் பாருங்க. சாயம் ஒட்டினா அந்தத் துணியைத் தண்ணிப் பக்கமே கொண்டு போகாதீங்க.

இது மட்டமான வேலையா?

"பட்டை வெட்டலாமா, அபசகுனம்"னு வீட்டுல யாராவது சொல்லலாம். வங்காளத்துல காந்தா தையல்னு ஒண்ணு இருக்கு. பழைய புடவைகளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுப் போர்வை ஆக்குவாங்க. தைக்கிற நூலையே பழைய புடவைக் கரையில இருந்து உருவி எடுக்கிற வழக்கமும் உண்டு. இங்கேயும் அதே கதைதான். நம்மள்ல பல பேர் தூங்கின முதல் தூளி அம்மாவோட பழைய புடவைதான். பட்டு இல்லை, நூல் புடவை. ஆனா தேஞ்ச துணிக்கு அடுத்த வேலை குடுக்கிறது நமக்குப் புதுசு இல்லை.

கடைசியா ஒண்ணு. பரிசோட ஒரு சின்னச் சீட்டு வைங்க. யாரோட புடவை, எந்த வருஷம் எடுத்தது, எங்கே எடுத்ததுன்னு தெரிஞ்சதை எழுதுங்க. புடவையை நெஞ்சவரோட பேர் அதுல எங்கேயும் இருக்காது, நமக்கும் தெரியாது. அதனால "காஞ்சிபுரத்தில் கைத்தறியில் நெய்தது"ன்னு நிச்சயமாத் தெரிஞ்சா, அதையும் ஒரு வரி சேர்த்திடுங்க. நாம ஒரு சாயங்காலம் தச்சது சின்ன வேலை. அதுக்கு முன்னாடி இரண்டு பேர் நாள்கணக்கா உட்கார்ந்து பெரிய வேலையை முடிச்சிருக்காங்க.

செஞ்சு பார்த்தா போட்டோ அனுப்புங்க. வெட்ட வேண்டாம்னு முடிவு பண்ணி, அந்தப் புடவையை மடிப்பு மாத்தி வச்சாலும் சொல்லுங்க. அதுவும் நல்ல முடிவுதான்.