வீடு கிடைத்தது, ஊர் போயிற்று

சென்னைப் பட்டணத்தில் நம்மவர் வீடுகளுக்குக் காலைக் காப்பிக்கு முன்பே வந்து, வாசல் தெளித்துக் கோலமிட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகும் அம்மாளை நேயர்கள் அறிவார்கள். அவள் எங்கே வசிக்கிறாள் என்று கேட்டால் நம்மில் பாதிப் பேருக்குச் சரியான விடை தெரியாது. "இங்கேதான், ஆற்றங்கரைப் பக்கம் எங்கேயோ" என்போம். திடீரென்று ஒரு நாள் அவள் வருவதில்லை. இரண்டு நாள் வைது தீர்க்கிறோம். மூன்றாம் நாள் சமாசாரம் தெரிகிறது: கரையோரத்துக் குடிசைகளைச் சர்க்கார் அப்புறப்படுத்திவிட்டார்கள், அவளுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்திருக்கிறார்கள். "நல்லதாய்ப் போயிற்று, மாடி வீடாமே!" என்று சொல்லிவிட்டு வேறு ஆள் தேடத் தொடங்குகிறோம்.

மெய்யாகவே நல்லதாய்ப் போயிற்றா என்பதைச் சற்று விசாரிக்கலாம் என்று கருதுகிறோம்.

முதலில் சர்க்காருக்குச் சேரவேண்டிய நன்றியைச் செலுத்திவிடுவது நியாயம். 1970-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது. "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்ற வாசகத்தை அது தன் நெற்றியில் பொறித்துக்கொண்டது. மறு வருஷமே சட்டமும் வந்தது. ஒரு குடிசைப் பகுதியைச் சர்க்கார் முறைப்படி அறிவித்துவிட்டால், அங்கே குடியிருப்பவரை உரிய அதிகாரியின் அனுமதியின்றி வெளியேற்றக்கூடாது என்பது அச்சட்டத்தின் சாரங்களுள் ஒன்று. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டுவதென்பதே அந்நாளைய நோக்கம். மெரினாக் கரையில் நொச்சிக்குப்பத்து மீனவர்களுக்குக் கடலைப் பார்த்தபடியே வீடு எழும்பியது அப்படித்தான். பிறகு 1977 முதல் உலக வங்கியின் கடனைக் கொண்டு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் முதலிய இடங்களில் மனை பிரித்துக் கொடுத்தார்கள். பல குடிசைப் பகுதிகளை இடிக்காமலே தெருவும் குழாயும் விளக்கும் போட்டுச் சீர்செய்தார்கள்.

ஆனால் சட்டத்தில் அறிவிப்பு என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா? அதில்தான் சிக்கல். 1971-இல் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேலாக அந்தப் பட்டியலில் ஒரு பெயர்கூட ஏறவில்லை. பட்டணமோ வளர்ந்துகொண்டே போயிற்று. கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் புதிதாக முளைத்த குடிசைகளுக்குச் சட்டத்தின் நிழல் எட்டவில்லை. அவற்றுக்கு அலுவலகப் பாஷையில் வேறு பெயர் கிடைத்தது: 'ஆட்சேபகரமான ஆக்கிரமிப்பு'. அந்தப் பெயர் வந்த பிறகு, அங்கே பாடுபட்டு வாழ்ந்த குடும்பங்கள் எத்தனை வருஷம் இருந்தன என்ற கேள்வி யாருக்கும் தோன்றுவதில்லை.

2000-ஆம் வருஷத்திலிருந்து காற்று வேறு திசையில் வீசத் தொடங்கியது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. மதுரையை எரித்த கண்ணகியின் பெயரை, ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர்களின் குடியிருப்புக்குச் சூட்டியவர் யாரோ, அவருக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம் இருக்கவேண்டும்! நாளடைவில் அங்கே பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் ஆயின. முதலில் கட்டியவற்றில் பல, இருநூறு சதுர அடிகூட இல்லாதவை. 2004 டிசம்பரில் கடல் பொங்கிய பிறகு செம்மஞ்சேரி வந்தது. அப்பால் எட்டு மாடிக் கட்டிடங்களோடு பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றை லாரிகளில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். பொதுப் பரீட்சைக்கு மூன்றே மாதம் இருந்த சமயம் அது. பள்ளிக்கூடம் பட்டணத்தில், பிள்ளை இருபது கிலோமீட்டருக்கு அப்பால்.

இடம் பெயர்ந்த குடும்பத்துக்குச் சாமான் கொண்டுபோக 5,000 ரூபாயும், பிழைப்புக்காக ஓராண்டு வரை மாதம் 2,500 ரூபாயும் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். இதையும் குறை சொல்லலாகாது. ஆனால் நம் வீட்டு அம்மாளின் கணக்கைப் பார்ப்போம். அவள் நான்கு வீடுகளில் வேலை செய்தாள். நான்கும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. இப்போது காலை ஆறு மணிக்கு மயிலாப்பூரில் இருக்கவேண்டுமானால் பெரும்பாக்கத்தில் நாலரைக்கே பஸ் நிறுத்தத்தில் நிற்கவேண்டும். 2021 மே மாதம் பெண்களுக்குச் சாதாரண நகர பஸ்களில் இலவசப் பயணம் வந்தது. அதனால் டிக்கெட் காசு மிஞ்சியது. போகவர ஆகும் மூன்று மணி நேரத்தை யார் இலவசமாகக் கொடுப்பது? நான்கு வீட்டில் இரண்டு கைவிட்டுப் போகும். விளக்கு வைத்த பிறகு வீடு திரும்பும் தாய்க்கு, எட்டாவது மாடியில் தனியே இருக்கும் பெண் குழந்தையின் கவலை வேறு.

அதிகாரிகளிடம் ஒரு குறை எப்போதும் உண்டு. "வீட்டைக் கொடுத்தால் பூட்டிவிட்டு, அல்லது வாடகைக்கு விட்டுவிட்டு, பழைய இடத்துக்கே ஓடிவந்துவிடுகிறார்கள்" என்பார்கள். நாமும் வண்டியிலும் கல்யாண வீட்டிலும் இதைத் தலையசைத்துக் கேட்டிருக்கிறோம். சிமெண்டுக் கூரையையும் கழிப்பறையையும் விட்டுவிட்டு ஒரு மனுஷி மறுபடியும் கூவத்தின் நாற்றத்தைத் தேடி வருகிறாள் என்றால், அது புத்தியில்லாமையால் அல்ல. பிழைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே அவள் வருகிறாள். 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றார்கள் நீதிபதிகள். முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேற்றலாம் என்றும் அதே தீர்ப்பில் சொன்னார்கள். முன்பாதியை மேடையில் பேசுகிறோம், பின்பாதியை நடத்திக்காட்டுகிறோம்.

இருந்த இடத்திலேயே கட்டித் தரும் வழக்கம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. இற்றுப்போன பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்து அங்கேயே புதிதாய்க் கட்டுகிறார்கள். அதிலும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது: 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே. பி. பார்க்கில் புதுக் கட்டிடத்தின் பூச்சு கைபட்டால் உதிர்கிறது என்று ஊர் சிரித்தது, ஐ. ஐ. டி. நிபுணர்களை அழைத்துச் சோதிக்க நேர்ந்தது. கட்டிடம் முடியும்வரை வெளியே குடியிருக்கக் கொடுக்கும் தொகை முன்பு 8,000 ரூபாயாக இருந்தது. பிறகு 24,000 ஆயிற்று. வேலை முடிய இரண்டு வருஷமானால் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய். சென்னையில் ஆயிரம் ரூபாய்க்கு என்ன வாடகைக்குக் கிடைக்கும் என்பதை வீட்டு எஜமானர்களான நேயர்களே சொல்லட்டும். இதற்குச் சர்க்கார் இட்டிருக்கும் பெயர் 'கருணைத் தொகை'. வீட்டைக் காலி செய்து கொடுப்பவனுக்குச் சேரவேண்டியதைக் கருணை என்று சொல்வது நமக்குப் பிடிக்கவில்லை.

2021-இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். 'குடிசை' போய் 'வாழ்விடம்' வந்தது, நல்ல சொல். அதற்கடுத்த மே மாதம், இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், கோர்ட் உத்தரவின்படி கால்வாய்க்கரை வீடுகளை இடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே வாழ்ந்த முதியவர் ஒருவர் தம்மேல் தீ வைத்துக்கொண்டார். மறுநாள் அவர் இறந்தார். அதன்பின் முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார்: அக்குடும்பங்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் கட்டப்பட்டுவரும் வீடுகள் ஒதுக்கப்படும்; இனிமேல் இடம் மாற்றுவதற்கு முன்பே ஜனங்களைக் கலந்து பேசுவோம்.

கோவிந்தசாமி நகரிலிருந்து மந்தைவெளிக்கு நடந்தே போகலாம். அந்த வீடுகள் இடிப்பு நடப்பதற்கு முன்பே அங்கே எழும்பிக்கொண்டுதான் இருந்தன.