குண்டு டயர் ஆசை!

ஞாயிற்றுக்கிழமை பிளவக்கல் அணைப் பக்கம் போய்ப் பாருங்கள். வத்திராயிருப்பைத் தாண்டி வருகிற கார்களில் செகண்ட்ஹேண்ட் ஸ்விஃப்டுக்குக் குறைவிருக்காது. அதில் ஒன்றிரண்டு, தலைதீபாவளி முடிந்து திரும்புகிற மாப்பிள்ளை மாதிரி ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். குண்டு டயர்! ஓட்டுகிற இளைஞர் முகத்தில் ஒரு பெருமிதம். இருக்காதா பின்னே? முதல் கார், முதல் அலங்காரம்.

ஆசையில் தப்பில்லை. ஆனால் டயர் கடையில், "சார், 195 போட்டுருவோம், கெத்தா இருக்கும்" என்பார்கள். நாம் தலையாட்டி முடிப்பதற்குள் ஜாக்கி ஏறிவிடும். அதற்கு முன்னால் டயரின் விலாவில் எழுதியிருக்கிற ஜாதகத்தைப் படித்துவிடுவது நல்லது.

2005-ல் வந்த ஸ்விஃப்டின் சாதா மாடல் டயர் 165/80 ஆர் 14. அகலம் 165 மில்லிமீட்டர். விலாவின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132. ஆர் என்றால் ரேடியல். ரிம்மின் விட்டம் 14 அங்குலம். ஆபீஸ் கால்குலேட்டரில் தட்டுங்கள்: மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ.

இப்போது 185/70 ஆர் 14 போட்டால்? சுமார் 615. ஒரு சதவீத வித்தியாசம்கூட இல்லை. அதையே 185/65 என்று மாற்றினால் 596-க்கு இறங்கிவிடும். வண்டி 12 மி.மீ. தாழும், வேகத்தடை ஒவ்வொன்றும் அடிவயிற்றை விசாரிக்கும். அதைவிடக் கொடுமை, மீட்டர் கிட்டத்தட்ட நாலு சதவீதம் கூட்டிச் சொல்லும். ஓடாத கிலோமீட்டரையும் ஓடியதாக எழுதிக்கொள்ளும். வண்டியை விற்கும்போது நமக்குத்தான் நஷ்டம், சாமி!

அடுத்து, நம்ம ஆட்கள் பார்க்கவே பார்க்காத விஷயம்: ரிம்மின் அகலம். ரிம்மில் 5 ஜே என்று பொறித்திருந்தால் ஐந்து அங்குலம். அதில் 185/70 சௌகரியமாக உட்காரும். 195/65-க்கு ஐந்தரையாவது வேண்டும். இல்லாவிட்டால், சின்ன பெல்ட்டை இறுக்கிக் கட்டின தொந்தி கதைதான்: விலா பிதுங்கும், வளைவில் டயர் நெளியும், கார் நாம் திருப்புவதற்கு அரை நொடி கழித்துத் திரும்பும். எதிரே டவுன் பஸ் வரும்போது அந்த அரை நொடி ரொம்பப் பெரிசு.

என்னைக் கேட்டால் 185/70-தான். அந்த ஸ்விஃப்டின் உயர்ந்த மாடலான இசட்.எக்ஸ்.ஐ.க்குக் கம்பெனியே கொடுத்த சைஸ் அது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொன்னது. இன்ஷூரன்ஸ்காரரிடம் நிற்கிற நாளில் கம்பெனி சைஸ் கொஞ்சமாவது தைரியம் கொடுக்கும்.

"அகல டயர்னா பிடிப்பு ஜாஸ்திதானே?" காய்ந்த ரோட்டில், வளைவில், ஓரளவு சரி. ஐப்பசி, கார்த்திகையில் மலையடிவாரத்து மழை ரோட்டில் தேங்கி நிற்கும்போது கணக்கே வேறு. டயர் தண்ணீரைப் பிளந்து தரையைத் தொட வேண்டும். அகலம் கூடினால் பிளக்க வேண்டிய தண்ணீரும் கூடும். வேகமாகப் போனால் டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். பிரேக், ஸ்டியரிங் இரண்டும் அப்போது வெறும் அலங்காரம். தேய்ந்த டயர் என்றால் கேட்கவே வேண்டாம். 1.6 மி.மீ. பட்டன் ஆழம் இருந்தால் சட்டம் விட்டுவிடும், தண்ணீர் விடாது. ராஜபாளையம் நாய் ஒல்லிதான். பாய்ச்சலில் குறைச்சலா என்ன?

மைலேஜ் கொஞ்சம் குறையும், ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும். அது ஆசைக்குக் கட்டுகிற வரி.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் டயரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ம் வருஷம் 23-வது வாரம் பிறந்தது. பாரக் குறியீடு பழைய டயரைவிடக் குறையக் கூடாது: 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 88 என்றால் 560. மாட்டியதும் நாலு பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள். 'சரக் சரக்' என்று எங்காவது உரசினால் அங்கேயே கழற்றச் சொல்லிவிடுங்கள்.

ஸ்டெப்னியா? அது பழைய 165 ஆகவே டிக்கியில் படுத்திருக்கட்டும். உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், பஞ்சரானால் மெதுவாக உருட்டிக்கொண்டு கிருஷ்ணன்கோவில் வரை வந்து சேரலாம்.