காடு காக்கும் குழுவும் பங்கேற்பின் பயிற்சியும்

ஏற்காடு என்பதற்கு ஏரியும் காடும் சேர்ந்த ஊர் என்று மக்கள் பொருள் கூறுவர். 5,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் சேர்வராயன் மலைத்தொடரிலேயே சேலம் நகரினூடே ஓடும் திருமணிமுத்தாறும், தருமபுரிப் பக்கம் இறங்கும் வாணியாறும் தோன்றுகின்றன. எனவே இம்மலைக் காடு அழியுமாயின், மலைவாழ் மக்கள் மட்டுமன்றிச் சமவெளியில் வாழ்வோரும் தண்ணீருக்குத் தவிப்பர். இக்காட்டைக் காக்க வேண்டியவர் அரசினரா, மக்களா? இருவரும் கூடியே காக்க வேண்டும் என்னும் விடையே கூட்டு வன மேலாண்மை எனப்படுகிறது. இதில் மக்கள் பங்கேற்பு என்பதன் பொருள் யாது, அதற்கு எத்தகைய பயிற்சி தேவை, அதில் திருப்பணியாளரின் இடம் யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

1. உரிமை சலுகையான வரலாறு

இம்மலையின் பழங்குடியினர் மலையாளிகள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது அவர்தம் மரபுக் கதை. 1820 ஆம் ஆண்டுகளில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இங்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. 1882 ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்கீட்டுக் காடுகளாக அறிவிக்க அரசுக்கு அதிகாரமளித்தது. அதுவரை விறகும் தேனும் கடுக்காயும் தம் வழக்கப்படி எடுத்து வந்தோர், அத்தகைய காடுகளில் அனுமதி கேட்டு நிற்க வேண்டியவராயினர். உரிமை சலுகையாயிற்று, சலுகையை மீறியது குற்றமாயிற்று. தனக்குரியதல்ல என்று சொல்லப்பட்ட ஒன்றைக் காக்க எவரும் மனமுவந்து முன்வருவதில்லை.

இந்நிலையை மாற்றும் முயற்சி மேற்கு வங்காளத்தின் மிதுனாப்பூர் மாவட்டத்து அராபாரியில் 1972 அளவில் தொடங்கிற்று. 11 சிற்றூர்களைச் சேர்ந்த 618 குடும்பங்கள் சீர்கெட்ட சால் காட்டைக் காக்க இசைந்தன. வேலையும், விளைவில் நான்கில் ஒரு பங்கும் அவர்களுக்கு என வனத்துறை வாக்களித்தது. வெட்டுண்ட காடு மீண்டும் தழைத்தது. 1988 ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை மக்களின் ஈடுபாட்டை வலியுறுத்தியது. 1990 ஜூன் மாதம் மத்திய அரசு மாநிலங்களுக்கு இதுபற்றிச் சுற்றறிக்கை அனுப்பியது. தமிழ்நாட்டில் 1997இல் ஜப்பானியக் கடனுதவியுடன் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டம் கிராம வனக் குழுக்கள் வாயிலாக நடைபெற்றது. மரம் நடுதல், தடுப்பணை கட்டுதல், சுழல்நிதிக் கடன் ஆகியவை அதன் கூறுகள். அத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2013இல் முடிவுற்றது.

2. பங்கேற்பின் படிகள்

குழு அமைந்ததனாலேயே பங்கேற்பு அமைந்துவிடுமா? பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் 2001இல் வெளியிட்ட ஆய்வொன்றில் பங்கேற்பை ஆறு படிகளாகப் பிரித்துக் காட்டினார். பட்டியலில் பெயர் மட்டும் இருத்தல் முதற்படி. கூட்டத்தில் அமர்ந்து முடிவைக் கேட்டுக்கொள்ளுதல் இரண்டாவது. கருத்துக் கேட்கப்படுதல் மூன்றாவது. குறித்த வேலைகளைச் செய்தல் நான்காவது. கேளாமலே கருத்துரைத்தல் ஐந்தாவது. அக்கருத்தால் முடிவையே மாற்றும் ஆற்றல் பெறுதல் ஆறாவது.

குழி தோண்டிக் கன்று நட்டுக் கூலி பெறுபவர் நான்காம் படியிலேயே நிற்கிறார். எந்தக் கன்றை எங்கு நடுவது என்று தீர்மானிப்பவரே ஆறாம் படியை எட்டியவர். காட்டுக்குள் எவரும் செல்லலாகாது என ஆடவர் கூடித் தீர்மானித்தால், மறுநாள் விறகுக்காக நெடுந்தொலைவு நடக்க வேண்டியவர் பெண். அவர் அத்தீர்மானத்தில் கைந்நாட்டு வைத்திருக்கவும் கூடும். கைந்நாட்டு பங்கேற்பன்று.

3. யாருக்கு, எத்தகைய பயிற்சி?

பயிற்சி என்றவுடன் அறியாத மக்களுக்கு அறிந்தோர் கற்பிப்பது என்றே நாம் எண்ணுகிறோம். எந்தச் சரிவில் நெல்லி காய்க்கும், எந்த ஊற்று பங்குனியிலும் வற்றாது, கோடையில் தீ எப்பக்கமிருந்து ஏறும் என்பன மலையாளிக் குடும்பங்கள் அறிந்தவை. அவர்கள் அறியாமல் வைக்கப்பட்டவை வேறு: வரைபடம், கணக்கு, சட்டம். எனவே பயிற்சி இருவழிப்பட்டதாய் இருத்தல் வேண்டும்.

முதலாவது, ஊரார் வனத்துறையினரோடு காட்டெல்லையை நடந்து கண்டு, தரையில் கோலப்பொடியாலும் விதைகளாலும் தம் காட்டின் படத்தைத் தாமே வரைதல். இரண்டாவது, எம்மாதத்தில் எப்பொருள் கிடைக்கும், எம்மாதத்தில் பசி மிகும் என்னும் பருவ அட்டவணையைப் பெண்கள் தனியே அமர்ந்து வகுத்தல். மூன்றாவது, தீர்மான ஏட்டையும் வங்கிக் கணக்கையும் உரக்க வாசித்து விளக்குதல். எழுத்தறியாதார்க்கும் இது உரியது. நான்காவது, சட்டத்தைக் கற்றல்.

சட்டம் என்று குறிப்பிடக் காரணமுண்டு. கூட்டு வன மேலாண்மையில் மக்களுக்குக் கிடைத்த இடம் அரசாணையால் வந்தது. ஆணை மாறினால் அதுவும் மாறும். 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ சமூக வன வளத்தைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் உள்ள உரிமையை ஏற்று, கிராம சபையைக் கருவியாக்கிற்று. வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர் வரை இருப்பர். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்ற அனுமதியின்றி உரிமைப் பத்திரம் வழங்கலாகாது என்ற 2008 ஆம் ஆண்டின் இடைக்கால ஆணை 2016இலேயே நீங்கியது. இத்தாமதத்தையும் மக்கள் அறிதல் நலம்.

அலுவலர்க்கும் பயிற்சி தேவை. கட்டளையிட்டுப் பழகியவர் கேட்கப் பழகுதல் எளிதன்று. ஆயர்களாகிய நமக்கும் அது எளிதன்று.

4. இறையியல் நோக்கு

ஆதியாகமம் 2:15இல் மனிதனுக்குத் தோட்டத்தில் தரப்படும் பணியைக் குறிக்கும் எபிரேய வினைகள் இரண்டு: ஆபாத், ஷாமார். முன்னது உழைத்தலையும் ஊழியம் செய்தலையும், பின்னது காத்தலையும் குறிக்கும். எண்ணாகமம் 3 ஆம் அதிகாரத்தில் லேவியரின் ஆசரிப்புக்கூடப் பணிக்கும் இவ்விரு சொற்களே வழங்குகின்றன. நிலத்தைக் காத்தலும் திருப்பணியும் ஒரே சொற்களால் குறிக்கப்படுதல் சிந்திக்கத்தக்கது.

மேலும், பங்கேற்பைக் குறிக்கும் கொய்னோனியா என்னும் கிரேக்கச் சொல்லை நம் வேதாகமம் ஐக்கியம் என்றும் அந்நியோந்நியம் என்றும் பெயர்த்துள்ளது. உறவின் நெருக்கம் இச்சொற்களில் விளங்குகிறது. ஆயின் பங்கு பெறுதல் என்னும் பொருள் சற்றே மறைகிறது. பங்கில்லாத ஐக்கியம் உண்டோ? அப்போஸ்தலர் 6 ஆம் அதிகாரத்தில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் பந்தியில் விடுபட்டபோது, அப்போஸ்தலர் தாமே பங்கிட முனையவில்லை. எழுவரைத் தெரிந்தெடுக்குமாறு சபையாரிடமே விட்டனர்.

5. திருப்பணியாளரின் இடம்

மலையாளிகளிற் பெரும்பாலோர் சேர்வராயனை வழிபடுவோர். ஆண்டுதோறும் மே மாதத்தில் மலையுச்சிக் குகைக் கோயிலில் திருவிழா நடைபெறும். அவர்களிடையே நாம் அண்டை வீட்டாராகச் செல்கிறோம். குழுவின் தலைமையைக் கைப்பற்றுவதும், அதனை ஆள் சேர்க்கும் வாயிலாக்குவதும் தகா. விண்ணப்பம் எழுதித் தருதலினும் எழுதக் கற்பித்தல் மேல். கேட்டுப் பேசுதலினும் பேசாதிருந்தவர் பேசும்வரை காத்திருத்தல் மேல். ஆலயக் கூடத்தைக் குழுக் கூட்டத்திற்குத் திறந்துவிடலாம். திருச்சபைக்குச் சொந்தமான நிலத்தில் மரம் வெட்டுமுன் ஊராரைக் கேட்கலாம்.

இறுதியாக, நம் குருசேகரக் குழுக்களை இவ்வாறு படிகளில் வைத்து அளந்து பார்ப்போமாக. கடைசி வரிசையில் அமரும் மூதாட்டி எந்தப் படியில் நிற்கிறார்? இவ்வினாவை எழுப்பத் துணியாத ஆயர், மலையேறி மக்களுக்குப் பங்கேற்பைக் கற்பித்தல் இயலாது. எழுப்பத் துணிபவரோ, மலையேறும்போது கற்பவராகவே செல்வார்.