அடைபட்ட நீரும் கோடை வெயிலும்

கல்வராயன் மலைப் பகுதியின் பாறைப் பாங்கான நிலத்தில் குடிநீர்க் குழாயை எங்கும் மண்ணுக்குள் பதித்துவிட இயலுவதில்லை. பல இடங்களில் அதைப் பாறையின் மேலேயே கிடத்த நேரிடுகிறது. விடியற்காலையில் அக்குழாயைத் தொட்டால் குளிர்ந்திருக்கும். உச்சிப் பொழுதில் கை வைக்க முடியாது. இவ்வேறுபாட்டினால் விளையும் ஒரு கேட்டைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

ஒரே மோட்டாரிலிருந்து இரண்டு தொட்டிகளுக்கு முறை வைத்து நீரேற்றும் ஊரை எடுத்துக்கொள்வோம். காலையில் நீரேற்றி முடிந்ததும் மோட்டாரை நிறுத்துகிறோம். தொட்டிகளுக்குச் செல்லும் கேட் வால்வுகளையும் மூடிவிடுகிறோம். கீழே, நீரைத் திரும்ப விடாத என்.ஆர்.வி. வால்வு தானாகவே மூடிக்கொள்கிறது. இரு முனையும் அடைபட்ட இரும்புக் குழாயில் நீர் நிறைந்து நிற்கிறது. அதன்மேல் வெயில் ஏறுகிறது.

நீர் சூடேறினால் பருக்கும். 30 டிகிரியில் உள்ள 1,000 லிட்டர் நீர் 40 டிகிரியை அடையும்போது ஏறத்தாழ மூன்றரை லிட்டர் கூடுதலாகிறது. இரும்புக் குழாயும் பருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது தரும் இடம் அதில் பத்தில் ஒரு பங்களவே. நீரை அழுத்திச் சுருக்குவதோ எளிதன்று. ஆகவே காற்றே இல்லாமல் நீர் நிறைந்த இரண்டு அங்குல ஜி.ஐ. குழாயில், ஒரு டிகிரி சூடு ஏறினாலே சதுர செண்டிமீட்டருக்குச் சுமார் 5 கிலோ அழுத்தம் கூடுகிறது. 12 மீட்டர் உயரத் தொட்டி தரும் அழுத்தம் 1.2 கிலோதான் என்பதை ஒப்பிட்டால் இதன் வலிமை விளங்கும். பத்து டிகிரி ஏறும் வரை எந்த வாஷரும் பொறுத்திராது.

நேற்று வரை ஒன்றும் ஆகவில்லையே என்று சிலர் கேட்பர். குழாயில் சிறிது காற்று தங்கியிருந்தால் அது சுருங்கி இடம் கொடுத்துவிடும். சற்றே ஒழுகும் பழைய வால்வும் அறியாமலே குழாயைக் காப்பாற்றி வந்திருக்கும். அதை மாற்றி இறுக்கமான புது வால்வைப் பொருத்திய மறுவாரமே இணைப்பு பிய்த்துக்கொண்டால், குழாய் பொருத்தியவரைக் குறை கூறுகிறோம்!

பி.வி.சி. குழாய் தானே நெகிழ்ந்து இடம் தருவதால் இவ்வகை அழுத்தம் அதில் அதிகம் ஏறாது. ஆனால் வெயிலில் அதன் வலுவே குறைந்துபோகும். அதை மண்ணுக்குள் பதிப்பதே முறை.

வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் திரவத்தை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்பாததும் இதே காரணத்தை முன்னிட்டுத்தான். பருக்க இடம் வேண்டும்.

பள்ளி விடுதிகளிலும் வீடுகளிலும் உள்ள மின்சார வெந்நீர்க் கலங்களில் இதைவிடக் கவனம் தேவை. 25 லிட்டர் நீர் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறுகையில் கால் லிட்டருக்கு மேல் பருக்கும். அக்கூடுதல் நீரைக் காப்பு வால்வு சொட்டு சொட்டாக வெளியேற்றும். இதைக் கோளாறு என்று கருதி அந்தத் துளையைக் கட்டையால் அடைத்துவிடும் வழக்கம் கொடியது. வெயிலில் கிடக்கும் குழாயில் போவது ஒரு வாஷர். இங்கே போவது உயிராகவும் இருக்கலாம்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. மோட்டார் நின்றபின் ஏதேனும் ஒரு தொட்டியின் வால்வைத் திறந்தே விட்டுவிடலாம். குழாய் தொட்டியின் மேற்புறத்தில் நீரைக் கொட்டுவதாயின் தொட்டி நீர் திரும்பி வராது. இரண்டையும் மூடித்தான் ஆகவேண்டுமெனில், இடையே ஒரு சிறு அழுத்தக் காப்பு வால்வைப் பொருத்த வேண்டும். அது திறக்கும் அழுத்தம், மோட்டார் இறைக்கும் அழுத்தத்தைவிடச் சற்று மிகையாகவும் குழாயின் வரம்புக்குக் குறைவாகவும் இருக்கட்டும். வெயிலில் அடைபட்டுக் கிடந்த குழாயின் இணைப்பைக் கழற்ற நேர்ந்தால், முதலில் வால்வை மெல்லத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். முகத்தை நேரே வைத்துக் குனிதல் கூடாது. காப்பு வால்வில் சொட்டும் நீரை ஒரு சிறு குழாய் மூலம் பக்கத்து வாழைக்குத் திருப்பிவிடலாம்.