புகையை ஒளித்தார்கள், கொடியை ஏற்றினார்கள்

1863 மே மாதத்து இருட்டில், ‘பான்ஷி’ என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் அமெரிக்காவின் வில்மிங்டன் துறைமுகத்தை நெருங்கியது. சரக்குக்குப் பொறுப்பான தாமஸ் டெய்லருக்கு வயது 21தான். கப்பலில் ஒரு விளக்கு இல்லை. சுருட்டுப் பற்றவைக்கவும் தடை. இயந்திர அறையின் வாயில்களைத் தார்ப்பாயால் மூடிவிட்டதால், கீழே கரி அள்ளிப் போட்டவர்கள் வெக்கையில் வெந்துகொண்டிருந்தார்கள். திசைகாட்டிக்கும் கூம்பு மூடி போட்டாயிற்று. அதிலிருந்த துளை வழியாகத்தான் சுக்கான் பிடித்தவர் முள்ளைப் பார்க்க முடிந்தது. ஈயக்குண்டுக் கயிறு விட்டுப் பார்த்தவர், எத்தனை பாகம் ஆழம் என்பதைக் கிசுகிசுத்தார். சுற்றிலும் வடமாநிலங்களின் போர்க்கப்பல்கள் நின்றன.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், தென்மாநிலத் துறைமுகங்களை அடைக்க 1861 ஏப்ரலில் வடமாநிலங்களின் பக்கம் நின்ற அதிபர் ஆபிரகாம் லிங்கன் அறிவித்த முற்றுகை அது. ஏறக்குறைய 5,600 கிலோமீட்டர் நீளக் கரையை அடைக்க வேண்டியிருந்தது. அடிமைகள் விளைவித்த பருத்தியை வெளியே விற்று, துப்பாக்கியும் மருந்தும் வாங்கிவந்து போரை நடத்தின தென்மாநிலங்கள். பருத்தி போகாமல் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகள் முடங்க, நம் திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கும் கிராக்கி வந்தது. அடைப்பை மீறி ஓடிய கப்பல்களின் துணிச்சலை வியக்கலாம்; அது எதற்குப் பயன்பட்டது என்பதை மறக்கக் கூடாது.

கண்ணில் படாமல் இருப்பதற்கு இந்தக் கப்பல்காரர்கள் செய்த வேலைகள் அசல் அறிவியல். உடல் முழுக்க மங்கிய சாம்பல் வண்ணம். நீர்மட்டத்துக்கு மேல் அதிகம் எழும்பாத மேல்தளம். சில கப்பல்களில் புகைபோக்கியையே உள்ளே இழுத்துக்கொள்ளலாம். மிஞ்சிய நீராவியைச் சீறவிடாமல் தண்ணீருக்கு அடியில் வெளியேற்றினார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் நிலக்கரி. சாதாரணக் கரியை எரித்தால் அதிலிருந்து பிரியும் ஆவிப்பொருள்கள் முழுதாக எரியாமல் கரும்புகையாக எழும்; பகலில் பல மைல் தூரத்துக்குத் தெரியும். ஆந்த்ரசைட் கரியில் பெரும்பகுதி கார்பன், ஆவியாகும் பொருள் மிகக் குறைவு. அதனால் அது கிட்டத்தட்டப் புகையின்றி எரியும்.

புகையையே ஆயுதமாக்கியவரும் உண்டு. ‘ராபர்ட் ஈ. லீ’ கப்பலின் தலைவர் ஜான் வில்கின்சனைப் போர்க்கப்பலொன்று துரத்தியது. நல்ல கரி கைவசம் இல்லை. டர்பன்டைனில் நனைத்த பருத்தியை உலையில் போட்டு வேகம் கூட்டினார். பொழுது சாயும் நேரம் வேண்டுமென்றே கரும்புகை கக்கவைத்து, பிறகு சட்டென்று புகைவழியை அடைத்துத் திசையைத் திருப்பினார். துரத்தியவர்கள் புகையின் பின்னாலேயே போனார்கள்.

இனி கொடிக்கு வருவோம். இரவில் மறைய உதவியது சாம்பல் வண்ணம் என்றால், பிடிபட்ட பிறகு உதவியது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் சிவப்புக் கொடி. 1861 மே மாதம் விக்டோரியா மகாராணி நடுநிலை அறிவித்திருந்தார். நடுநிலை நாட்டுக் கொடியோடு முற்றுகையை மீறினால் கப்பலும் சரக்கும் பறிபோகும். ஆனால் அந்நாட்டு மாலுமிகள் போர்க் கைதிகள் ஆகமாட்டார்கள். விசாரணை முடிந்து விடுதலையாகி, அடுத்த கப்பல் ஏறலாம். பிடிபட்ட தென்மாநிலத்தவருக்கோ சிறைதான். கொடிமரத்தில் தொங்கிய ஒரு துணி காப்பாற்றியது கப்பலை அல்ல, மனிதர்களை. கப்பலுக்கு ஒரு கொடி இருந்தது போலச் சில மனிதர்களுக்கு ஒரு பெயரும் இருந்தது: பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஹோபார்ட், ‘கேப்டன் ராபர்ட்ஸ்’ என்ற பொய்ப்பெயரில்தான் இந்தத் தொழில் செய்தார்.

‘பான்ஷி’ அன்றிரவு தப்பித்து உள்ளே போனது. அந்த ஆண்டின் இறுதியிலேயே பிடிபட்டது. அதற்குள் உரிமையாளர்களுக்குப் போட்ட முதலைப் போல் ஏழு மடங்கு லாபம். போர் முழுவதிலும் நீராவிக் கப்பல்கள் செய்த சுமார் 1,300 முயற்சிகளில் ஏறக்குறைய ஆயிரம் பலித்தன.

1865 ஜனவரி 15 அன்று வில்மிங்டனைக் காத்த ஃபிஷர் கோட்டை விழுந்தது. வழிகாட்டும் கரை விளக்குகளை அணைக்க வேண்டாம் என்று வெற்றி பெற்ற வடமாநிலக் கடற்படை உத்தரவிட்டது. செய்தி தெரியாத ‘ஸ்டாக்’, ‘சார்லட்’ என்ற இரு கப்பல்கள் சில நாட்களில் அந்த வெளிச்சத்தை நம்பி வந்து, எதிரியின் நடுவில் நங்கூரம் போட்டன.